போர்க்கால வான்வீரர்களில் உங்கள் மனத்துக்கு நெருக்கமானவர் யார்? எதை வைத்து அவரைச் சிறந்தவர் என்கிறீர்கள்?

கேள்வி: தஞ்சை கீழவாசல்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2020 ஜனவரியில் இந்திய விமானப்படையின் 222ஆம் படையணி சுகோய் 30 விமானங்களோடு தஞ்சாவூர்த் தளத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுகிற ஒருவன் இருக்கிறான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன்தான் அவன். இப்போது அவன் ‘ஏஸ்’ எனப்படும் போர்விமானிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியிருக்கிறான். வான்சண்டையில் ஐந்து எதிரி விமானங்களையாவது வீழ்த்தியவருக்கு அந்தப் பெயர் என்பது வரை எனக்கும் தெரியும்.

அவன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான். ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மன் 352, கெர்ஹார்ட் பார்க்ஹார்ன் 301, பின்லாந்தின் யூட்டிலைனன் 94, சோவியத் நாட்டின் இவான் கோசெதூப் 62, அமெரிக்காவின் ரிச்சர்ட் பாங் 40 என்று இறங்குவரிசையில் போகிறது அது. எண்ணிக்கை கூடியவரே சிறந்தவர் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். எனக்கு அந்த அளவுகோலில் முழு நம்பிக்கை வரவில்லை. ஒரே போரில், ஏறத்தாழ ஒரே திறமுள்ள விமானங்களில் பறந்தவர்களுக்குள் இவ்வளவு இடைவெளி எப்படி வரும்? பார்வைக் கூர்மையா, விமானத்தைச் செலுத்தும் திறமையா, குறி தவறாமல் சுடுவதா, எது ஒருவரை இந்த இடத்துக்குக் கொண்டுவருகிறது? இந்தப் பட்டியலில் இந்தியர் யாரேனும் உண்டா? உங்கள் மனம் கவர்ந்த ஒருவரைக் காரணத்தோடு சொன்னால் அவனுக்கும் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி: குடந்தை வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)

தம்பியின் பட்டியலில் உள்ள எண்கள் சரியானவையே. ஆனால் அவற்றை அருகருகே வைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் எத்தனை முறை பறந்தார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஹார்ட்மன் 1,404 முறை போர்ப்பணியில் பறந்து 825 முறை எதிரியோடு மோதியவர். கோசெதூப் பறந்தது 330 முறை, மோதியது 120 முறை. ஆக, ஹார்ட்மனுக்கு ஏறக்குறைய நான்கு பறப்புக்கு ஒரு வெற்றி, கோசெதூப்புக்கு ஐந்து பறப்புக்கு ஒன்று. மோதல்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கோசெதூப்பே சற்று முன்னால் நிற்கிறார். 352க்கும் 62க்கும் இடையில் தெரிந்த பெரும்பள்ளம் ஒரே வகுத்தலில் தூர்ந்துவிடுகிறது.

ஜெர்மானிய விமானிகளுக்குப் பணிக்கால வரம்பு என்று ஒன்று நடைமுறையில் இருக்கவில்லை. சாகும் வரையோ சிறைப்படும் வரையோ போர் முடியும் வரையோ அவர்கள் பறந்தார்கள். அமெரிக்கா தன் சிறந்த விமானிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு ஊருக்குத் திருப்பியழைத்து, புதியவர்களுக்குப் பயிற்சியளிக்கவும் போர்நிதி திரட்டவும் பயன்படுத்திக்கொண்டது. ரிச்சர்ட் பாங் 40இல் நின்றதற்கு அதுவே காரணம். (போர்முனையில் பிழைத்த அவர், தாய்நாட்டில் ஜெட் விமானம் ஒன்றைச் சோதித்தபோது 1945 ஆகஸ்ட் 6 அன்று இறந்தார். அன்றைய செய்தித்தாள்களில் ஹிரோஷிமாவோடு அவர் பெயரும் இடம்பிடிக்க வேண்டியிருந்தது.) மேலும், அன்றைய வான்சண்டையில் உரிமை கோரப்பட்ட வெற்றிகளுக்கும் உண்மையான இழப்புகளுக்கும் எப்போதும் இடைவெளி இருந்தது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஆவணங்களைப் பார்த்தபோது அது ஏறத்தாழ 60 என்று தெரிந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூவர் சுட்டிருப்பார்கள், மூவரும் அது விழுவதைக் கண்டிருப்பார்கள்.

என் தேர்வு தம்பியின் பட்டியலிலேயே இல்லாத ஒருவர்: முதல் உலகப்போரின் ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கே. அவர் வீழ்த்தியது 40. பெரிதாகப் பேசப்படும் ‘செம்பிரபு’ மான்ஃபிரெட் ஃபொன் ரிக்ட்ஹோஃபன் வீழ்த்தியது 80. ஆனால் ரிக்ட்ஹோஃபனைத் தேர்ந்தெடுத்துத் தன் படையணியில் சேர்த்து வேட்டையாடக் கற்றுக்கொடுத்தவர் போல்க்கேதான். வானில் சண்டையிடுவது ஏதோ தனிமனித வீரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த 1916இல், அதற்கு இலக்கணம் எழுதலாம் என்று கண்டவர் அவர். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், தாக்கத் தொடங்கினால் முடித்துவிட்டே விலகு, மிக அருகில் சென்ற பிறகே சுடு, மேலிருந்து எவனாவது பாய்ந்தால் ஓடாதே, திரும்பி அவனை எதிர்கொள், எதிரியின் எல்லைக்கு மேல் பறக்கும்போது திரும்பிவரும் வழியை மறக்காதே, தனித்துச் செல்லாமல் நால்வர் அறுவராகச் செல் என்பவை அவருடைய விதிகளின் சாரம். இரண்டாம் உலகப்போரின் விமானிகளுக்கும் பயன்பட்ட பாடங்கள் இவை. 1916 அக்டோபர் 28 அன்று, தன் சொந்தப் படையணித் தோழர் ஒருவரின் விமானச் சக்கரம் தன் இறக்கையில் உரசியதால் விழுந்து, 25 வயதில் இறந்துபோனார்.

ரிக்ட்ஹோஃபன் இறந்த விதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1918 ஏப்ரல் 21 அன்று, அனுபவமில்லாத ஓர் எதிரி விமானியைத் துரத்திக்கொண்டு, எதிரியின் எல்லைக்கு மேலே, தரையை ஒட்டிய தாழ்வான உயரத்தில் வெகுதூரம் போய்விட்டார். தரையிலிருந்து வந்த குண்டே அவரைக் கொன்றது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. திரும்பும் வழியை மறக்காதே என்ற குருவின் வாக்கை, 80 வெற்றி பெற்ற சீடரே அன்று மறந்திருந்தார்.

மறுமொழி: மயிலாடுதுறை கச்சேரிச் சாலை

குடந்தை ஐயா குரு-சீடர் வரிசையைத் தொட்டுவிட்டதால், இந்தியர் உண்டா என்ற கேள்விக்கும் அதே நூலைப் பிடித்துக்கொண்டு விடை சொல்கிறேன். உண்டு. கல்கத்தாவில் 1898இல் பிறந்த இந்திரலால் ராய். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் பறந்தவர். 1917 இறுதியில் அவர் விமானம் விழுந்து நொறுங்கியபோது இறந்துவிட்டார் என்று எண்ணிப் பிணவறையில் கிடத்திவிட்டார்கள். எழுந்து வந்தார். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் விடாமல் முறையிட்டு, 1918 ஜூனில் 40ஆம் படையணியில் சேர்ந்தார். ஜூலை மாதத்தில் இரண்டு வாரங்களுக்குள் பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று வான்சண்டையில் இறந்தபோது வயது 19. மறைவுக்குப் பின் சிறப்புமிகு பறப்புச் சிலுவை என்ற பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அந்த இரண்டு வாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் ஆர்வம். ராய்க்கு வழிகாட்டியவர் அதே படையணியின் ஜார்ஜ் மெக்எல்ராய். மெக்எல்ராய்க்குக் கற்றுக்கொடுத்தவர் மிக் மேனக். மேனக் கணக்கில் 61 வெற்றிகள் இருந்தாலும், அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் புதியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்று முதல் வெற்றியைச் சுவைக்க வைத்தவராகவே அவரை நினைவுகூர்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நாகஸ்வரக்காரரின் வாசிப்பைக் கேட்டுவிட்டு அவர் எந்த வீட்டில் பாடம் கேட்டவர் என்று விசாரிப்பார்களே, அந்த மாதிரி இந்த மூவரையும் ஒரே வழியாகத்தான் பார்க்கிறேன். ராய் ஜூலை 22இல் விழுந்தார், மேனக் 26இல், மெக்எல்ராய் 31இல். கீழே விழும் எதிரியைப் பின்தொடர்ந்து தாழப் போகாதீர்கள் என்று மற்றவர்களை எச்சரித்து வந்த மேனக், அப்படிப் போய்த்தான் தரைத்துப்பாக்கிக்கு இரையானார்.

மறுமொழி: மன்னார்குடி ஹரித்ராநதி

பெரிய எண்களைப் பற்றி இனி நான் சொல்ல எதுவுமில்லை. நம் மண்ணோடு ஒட்டியவர், ஆனால் நம்மில் பலரும் கேள்விப்படாதவர் ஒருவரைச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட போர்நிதியைக் கொண்டு பிரிட்டனுக்கு விமானங்கள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. அதற்கு நன்றியாக 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் படையணிகளுக்கு ‘மதராஸ் பிரெசிடென்சி’ என்ற பெயர் சேர்ந்தது. அன்றைய மாகாணத்தில் நம் தஞ்சை மாவட்டமும் அடங்கும். காங்கிரஸ் அமைச்சரவை 1939இல் பதவி விலகி, ஆளுநர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதால், இந்தக் கொடையில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு நிர்வாக நெருக்குதல் என்று யோசிக்காமல் பெருமை மட்டும் பட என்னால் முடியவில்லை. அது தனி விவாதம்.

அந்த 234ஆம் படையணியில் ஸ்பிட்ஃபயர் என்ற போர்விமானத்தை ஓட்டியவர் பாப் டோ. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். விமானப்படைத் தேர்வுகளில் தட்டுத்தடுமாறித் தேறியவர். தலைகீழாகப் பறப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. படையணியிலேயே மோசமான விமானி தானே என்று நம்பிக்கொண்டிருந்தவர், 1940 ஆகஸ்ட் 15 அன்று முதன்முதலாகச் சண்டைக்குப் புறப்பட்டபோது திரும்பிவரப் போவதில்லை என்றே எண்ணினார். அன்று ஜெர்மனியின் இரண்டு மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானங்களை வீழ்த்திவிட்டுத் திரும்பினார்.

இதற்குப் பின் அவர் செய்த காரியம்தான் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம். வெற்றிக் களிப்பில் மிதக்காமல், நான் ஏன் சாகவில்லை என்று உட்கார்ந்து யோசித்தார். தான் எதிரியைக் கண்டுகொண்டால் பிழைக்க வழியுண்டு, தான் காணாதவனே தன்னைக் கொல்லப் போகிறான் என்று முடிவுக்கு வந்தார். ஆகவே கழுத்தை ஓயாமல் திருப்பிப் பார்ப்பது, பின்னாலிருந்து குண்டுகள் வருவது தெரிந்த கணத்தில் யோசிக்காமல் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ளிக் கீழே பாய்ந்துவிடுவது என்று தனக்கென்று நடைமுறைகளை வகுத்துக்கொண்டார். பிறவித் திறமை இல்லாத ஒருவர் வெறும் சிந்தனையால் ஈடுகட்டிய கதை இது. மொத்தம் 14 தனி வெற்றிகளும் 2 பங்கு வெற்றிகளும் அவர் கணக்கில் உள்ளன. அதே படையணியில் அவரைவிடத் துணிச்சலான ஆஸ்திரேலியர் பாட் ஹியூஸ் இருந்தார். எதிரியின் வாலை முட்டுகிற அளவுக்கு அருகில் சென்று சுடுவதே அவர் பாணி. அந்த நெருக்கமே செப்டம்பர் 7 அன்று அவர் உயிரைக் குடித்தது. தான் தாக்கிய விமானத்தோடு சேர்ந்து அவரும் விழுந்தார். அன்றே படையணித் தலைவரும் மாண்டார்.

டோவின் கதை அத்தோடு முடியவில்லை. 1941 ஜனவரியில் நேர்ந்த விபத்தில் முகம் சிதைந்து பல அறுவை சிகிச்சைகளுக்கு உள்ளானார். பிறகு 1943இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, இந்திய விமானப்படையின் 10ஆம் படையணியைக் கட்டியெழுப்பி, பர்மாப் போர்முனையில் அதற்குத் தலைமை தாங்கினார். அங்கே பணி எதிரி விமானங்களை வேட்டையாடுவதன்று, தரைப்படைக்குத் துணையாகக் குண்டு வீசுவது. அவர் கணக்கு அதன்பின் ஏறவேயில்லை. தம்பியின் பட்டியலில் இதற்கு எந்தக் கட்டத்தில் இடம் கொடுப்பது?

மறுமொழி: நாகை மாணவி

பட்டியலிலும் பதில்களிலும் இதுவரை ஆண்கள் மட்டுமே வந்திருப்பதால் இதைச் சேர்க்கிறேன். சோவியத் விமானப்படையில் லிதியா லித்வியாக், எகத்தரீனா புதானவா என்ற இரண்டு பெண்கள் ‘ஏஸ்’ நிலையை எட்டினார்கள். வெற்றிகளின் எண்ணிக்கை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும் இருவரையும் ‘ஏஸ்’ என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். இருவரும் ஸ்டாலின்கிராட் முனையில் யாக் 1 விமானங்களில் ஆண்களோடு ஒரே படையணியில் பறந்தவர்கள். இருவரும் 1943 கோடையில் மாண்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று பறந்துபோன லித்வியாக் திரும்பவில்லை, அப்போது வயது 21. உடல் கிடைக்காததால், எதிரியிடம் சிறைப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தில் ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் தள்ளிப்போய் 1990இல்தான் வழங்கப்பட்டது. ஆண் விமானி ஒருவரை இத்தனை காலம் ஐயத்தில் வைத்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அந்நாட்டில் சிறைப்பட்ட ஆண்களும் அப்படித்தான் நடத்தப்பட்டார்கள் என்று என் அண்ணன் வாதிடுகிறார்.

மறுமொழி: திருவாரூர், முன்னாள் விமானப்படையினர்

ஆயுதப் பிரிவில் தரைப்பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். விமானிகளைப் புகழ்ந்து எழுதும்போது துப்பாக்கியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்ற குறை எனக்கு உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்பிட்ஃபயரின் இறக்கைகளில் எட்டு எந்திரத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 குண்டுகள். விசையை விடாமல் அழுத்தினால் பதினைந்து நொடியில் எல்லாம் தீர்ந்துவிடும். இறக்கையில் தள்ளித் தள்ளி இருக்கும் எட்டுக் குழல்களும் முன்னே ஓரிடத்தில் குவியும்படி தரையில் நாங்கள்தான் முடுக்கி வைக்க வேண்டும். தொடக்கத்தில் 400 கெஜத்தில் குவியும்படி வைத்திருந்தார்கள். அனுபவப்பட்ட விமானிகள் அதை 250 கெஜமாகக் குறைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். தொலைவிலிருந்து சுட்டுக் குண்டுகளைத் தூவுவதைவிட, நெருங்கிச் சென்று ஒரே இடத்தில் கொட்டுவதே பலன் தரும் என்பதை அவர்கள் முதல் சில நாட்களிலேயே உணர்ந்திருந்தார்கள். ஹார்ட்மனும் அப்படித்தான்; எதிரி விமானம் முன்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொள்ளும் வரை சுடமாட்டார். அவரும் முதல் சண்டையில் தலைவரைவிட்டுப் பிரிந்து, எரிபொருள் தீர்ந்து விமானத்தைத் தரையில் மோதி, தண்டனையாகத் தரைப்பணியாளர்களோடு மூன்று நாள் வேலை செய்ய அனுப்பப்பட்டவர்தான். அந்த மூன்று நாளும் அவருக்கு நல்ல பள்ளிக்கூடமாக இருந்திருக்கும் என்பது என் துறைப்பற்று.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1965, 1971 போர்களில் ஐந்து என்ற எண்ணிக்கையை எட்டிய இந்திய விமானி யாருமில்லை. போர்கள் நடந்ததே சில வாரங்கள். அதில் ஒரு விமானிக்கு எதிரியை வானில் சந்திக்கும் வாய்ப்பு ஓரிரு முறை வந்தாலே பெரிது. 1971 நவம்பர் 22 அன்று, போர் முறைப்படி தொடங்குவதற்கு முன்பே, கிழக்கு எல்லையில் பொய்ராவுக்கு மேலே இந்தியாவின் நான்கு ‘நாட்’ போர்விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை மறித்தன. மாசி, கணபதி, லாசரஸ் ஆகிய மூவரும் சுட்டார்கள். இரண்டு சேபர்கள் விழுந்தன, மூன்றாவது அடிபட்டுத் திரும்பியது. குதித்துச் சிறைப்பட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பின்னாளில் அந்நாட்டு விமானப்படைக்கே தலைவரானார். நாட் விமானத்தில் இருந்தவை 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு. சிக்கிக்கொள்வதில் பெயர்பெற்றவை. அன்று அவை சிக்காமல் வேலை செய்ததில் யார் கைகளின் பங்கு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

என் மனம் கவர்ந்தவர் நிர்மல் ஜித் சிங் செகோன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தின் மீது ஆறு சேபர்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தபோது, அந்தக் குண்டுகளுக்கு நடுவே நாட் விமானத்தை ஓடவிட்டு மேலெழும்பினார். புறப்படும் கணத்தில் விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. போல்க்கேயின் விதிகளில் ஒன்றுகூட அவர் பக்கம் இல்லை. ஆனாலும் சேபர்களைத் துரத்தித் தாக்கினார், இறுதியில் தானும் வீழ்ந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஐந்து என்ற கணக்கில் அவருக்கு இடமில்லை என்றால், கணக்கைத்தான் நான் சந்தேகிப்பேன்.

தஞ்சை கீழவாசல்

செகோனைப் பற்றிய பகுதியை மகனுக்கு இரண்டு முறை படிக்க வேண்டியதாயிற்று. அவன் ஒரு கேள்வி கேட்கிறான்: வேகமாகத் திரும்பக்கூடிய விமானம் எப்போதும் வெல்லாதா? அப்படியானால் ஜப்பானின் சீரோ போர்விமானம் ஏன் தோற்றது?

மறுமொழி: வேதாரண்யம்

நல்ல கேள்வி, தம்பி. தொடக்கத்தில் சீரோ வெல்லத்தான் செய்தது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்க வந்த சீரோக்களை எதிர்த்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானிகளில் பலர், ஜெர்மானியரோடு வளைந்து வளைந்து சண்டையிடும் வழக்கத்தை இங்கும் கைக்கொண்டு மாண்டார்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் தாக்கப்பட்டது. எங்கள் கோடியக்கரையிலிருந்து அது தொலைவில்லை.

ஆனால் அதற்கு முன்பே ரங்கூனில் மாற்றுவழி தெரிந்திருந்தது. 1941 டிசம்பரில் அந்நகரைக் காத்த அமெரிக்கத் தன்னார்வப் படையின் தலைவர் ஷெனால்ட், எதிரியோடு வளையாதே, உயரத்திலிருந்து பாய்ந்து ஒருமுறை சுட்டுவிட்டு அதே வேகத்தில் விலகிப் போய்விடு என்று தன் விமானிகளுக்குப் பழக்கியிருந்தார். சீரோ எடை குறைவானது. விமானிக்குக் கவசத் தகடு இல்லை, எரிபொருள் தொட்டிக்குக் குண்டடிப் பாதுகாப்பு இல்லை. மிகுந்த வேகத்தில் பாயும்போது அதைத் திருப்புவதும் கடினம். அந்த ரங்கூன் குண்டுவீச்சுக்குத் தப்பிக் கால்நடையாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள் என்பதால், அந்த வான்சண்டையைத் தொலைதூரச் செய்தியாக என்னால் படிக்க முடிவதில்லை.

சீரோ ஓட்டியவர்களில் என் தேர்வு சபுரோ சகாய். 1942 ஆகஸ்டில் பசிபிக் தீவான குவாடல்கனாலுக்கு மேலே தலையில் குண்டடிபட்டு, வலக்கண் பார்வை போய், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தனியாகப் பறந்து தன் தளமான ரபவுல் வந்து இறங்கினார். ஒரு கண்ணோடு 1944இல் மீண்டும் போருக்குத் திரும்பினார். அவர் பெயரில் சொல்லப்படும் 64 வெற்றிகள் கூடுதலான கணக்கு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது பாதியாகக் குறைந்தாலும் என் தேர்வு மாறாது.

மறுமொழி: குடந்தை வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)

வேதாரண்யம் நண்பரின் தேர்வை மதிக்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அன்று சகாய் அடிபட்டது, முன்னே பறந்தவை பின்னால் துப்பாக்கியில்லாத ஒற்றை இருக்கைச் சண்டை விமானங்கள் என்று எண்ணி அவற்றின் பின்னால் நெருங்கியதால். அவை பின்புறம் துப்பாக்கிக்காரர்களைக் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள். பாப் டோ, தான் காணாதவனே தன்னைக் கொல்வான் என்று அஞ்சினார். சகாயோ கண்டும் இன்னதென்று அறியாமல் நெருங்கினார். எனவே அவரைப் போற்றுவதென்றால் அந்த ஐந்து மணி நேரத்துக்காகப் போற்றுவேன், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்காக அன்று. தம்பிக்குச் சொல்லுங்கள்: பட்டியலைக் கிழிக்க வேண்டாம், பெயருக்கு எதிரே பறப்புகள், மோதல்கள், போருக்குப் பின் உயிரோடு இருந்தாரா, யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று நான்கு கட்டங்கள் கூடுதலாகப் போட்டால் போதும். போல்க்கே நான்காவது கட்டத்தில் முதலிடம் பிடிப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மன்னார்குடி நண்பர் பாப் டோவுக்காகச் சண்டைக்கு வருவார் என்பதிலும் ஐயமில்லை.